‘மே ஐ’ கேட்காத பூனை

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் குட்டிகள் மட்டும் வாயைத் திறக்க வாத்து மிஸ்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும்.

வாத்து மிஸ் ஒரு துரையின் பங்களாக் குளத்தில் பத்து வருஷம் நீந்தியவர். துரை கப்பலேறியதும் தோப்புக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். தோப்பே தலைகால் புரியாமல் ஆடியது. நாய் தன் மகன் செம்பனை அனுப்பியது. அணில் தன் மகன் சுண்டுவை அனுப்பியது. செவலைப் பூனை தன் மகள் தவிட்டியை நக்கி நக்கிச் சுத்தமாக்கி, “நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான்டி மதிப்பாங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

மிஸ் கற்றுக்கொடுத்தது இரண்டே வார்த்தை. ‘மே ஐ’ என்றால், செய்யலாமா என்று கேட்பது. ‘மஸ்ட்’ என்றால், செய்தே தீர வேண்டியது. உள்ளே வர ‘மே ஐ’, தண்ணீர் குடிக்க ‘மே ஐ’, தும்முவதற்குக்கூட ‘மே ஐ’. மிஸ் ‘யெஸ்’ சொல்லும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். செம்பனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டுவிட்டு வாலையும் ஆட்டுவான்.

மூன்றாவதாக ஒரு வார்த்தையை மிஸ் தனக்கென்று வைத்திருந்தார். சுவர்மேல் பறந்து ஏறும்போதெல்லாம், “ஐ கேன்!” என்பார்.

“மிஸ், ‘கேன்’னா என்ன?” என்று ஒருநாள் தவிட்டி கேட்டாள்.

“என்னால முடியும்னு அர்த்தம்.”

“அதை எங்களுக்கும் சொல்லிக் குடுங்க மிஸ்.”

“முடியுமா முடியாதான்னு பெரியவங்க பார்த்துக்குவோம். குட்டிகளுக்கு எதுக்கு அந்த வார்த்தை? போய் வாசல்ல நில்லு.”

என்னைக் கேட்டால், மிஸ் சறுக்கியது அந்த இடத்தில்தான். குட்டிகளுக்குக் கேட்கத் தெரிந்தது. முடியும் என்று சொல்லத் தெரியவில்லை.

தவிட்டி வாசற்படியில் நின்றாள். அப்போது கூரை ஓலையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு இறங்கியது. அதற்கு நேர் கீழே சுண்டு உட்கார்ந்திருந்தான். மிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

சுண்டு பாம்பைப் பார்த்தான். மரத்துக்கு மரம் தாவுகிற அணில், பழக்கதோஷத்தில் கையைத் தூக்கியது. “மே ஐ ரன், மிஸ்?”

“வெயிட்” என்றார் மிஸ், திரும்பாமலே.

செம்பனும் கையைத் தூக்கினான். “மே ஐ... குரைக்க, மிஸ்?”

“வெயிட்னு சொன்னேன்ல?”

பாம்பு வாயைத் திறந்தது.

“மே ஐ கம் இன்?” என்று தவிட்டி கத்தினாள்.

“வெயிட்!”

தவிட்டி காத்திருக்கவில்லை. “ஐ கேன்!” என்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பாம்பின் மூக்கில் அவள் நகங்கள் இறங்கின. பாம்பு துடித்துப்போய் ஜன்னல் வழியே ஓடியது. சுண்டுவுக்கு வாலில் கொஞ்சம் முடி போனதோடு சரி.

மிஸ் அப்போதுதான் திரும்பினார். “யாரைக் கேட்டு உள்ள வந்தே?”

“பாம்பு மிஸ்! சுண்டுவை முழுங்கப் பார்த்துச்சு!”

“பாம்பு அப்புறம். வெளியே போய் முறையாக் கேட்டுட்டு வா. இல்லேன்னா உனக்கு இங்கே படிப்பு கிடையாது.”

சத்தம் கேட்டு ஓடிவந்த செவலை மகளைக் கெஞ்சினாள். “கேட்டுடுடி தங்கம். ஒரு வார்த்தைதானே. படிப்பு போயிடும்டி.”

தவிட்டிக்கும் பள்ளிக்கூடம் பிடிக்கும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சுண்டு தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“மாட்டேன்மா. நானும் கேட்டுக்கிட்டே நின்னிருந்தா, இவன் இப்ப பாம்பு வயித்துல இருப்பான். இனிமே யார்கிட்டயும் கேட்க மாட்டேன்.”

செவலை சுண்டுவைப் பார்த்தாள். அவன் கை இன்னும் மேலேயே இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மறுநாள் நல்ல மழை. ஒரு குட்டியும் கொட்டகைக்குள் போகவில்லை. “தவிட்டி வந்தாத்தான் வருவோம்” என்று சுண்டு மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அனுமதி கேட்காமல்தான் ஏறினான். வேறு வழியில்லாமல் மிஸ் ஆளனுப்பித் தவிட்டியை வரவழைத்து, தட்டிக் கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.

“சரி சரி, ஒண்ணும் கேட்க வேண்டாம். உள்ளே வா.”

தவிட்டி படியேறி நின்றாள். உள்ளே பார்த்தாள். வெளியே பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தாள்.

“வர்றியா இல்லையா? சாரல் அடிக்குதே!”

“வருவேன் மிஸ். எப்ப வரணும்னு நான் பார்த்துக்கறேன்.”

அன்று முதல்தான் பூனை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நாம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எவ்வளவு கெஞ்சினாலும், அது வாசற்படியில் நின்று உள்ளேயும் வெளியேயும் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றும்போதுதான் உள்ளே வருகிறது.