சடையாண்டி இடித்த சுவர்

மலைக்காட்டில் ஒரு பெரிய நாவல் மரம். மரத்தின் உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயை யாரோ மண் வைத்துப் பூசி அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கீறல் அளவுக்குத்தான் இடைவெளி. அந்தக் கீறலில் ஒரு மஞ்சள் அலகின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சடையாண்டி பார்த்துவிட்டான். வந்தது வினை!

சடையாண்டி ஒரு குரங்கு. சின்ன வயதில் ஒரு வித்தைக்காரனிடம் அகப்பட்டு, இடுப்பில் கயிற்றோடு ஊர் ஊராகக் குட்டிக்கரணம் போட்டவன். ஒருநாள் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடிவந்தான். இடுப்பில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பாவம், அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சிறையாகவே தெரிந்தது. தலைகீழாகத் தொங்கிய வௌவால்களை யாரோ கட்டிவிட்டதாக நினைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தான். ஆமையைப் புரட்டிப்போட்டு, ஓட்டைக் கட்டிய முடிச்சு எங்கே என்று தேடினான். ஆமை பொழுது சாயும்வரை மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று சடையாண்டிக்கு அதன்மேல் வருத்தம்.

இப்போது இந்தப் பொந்து. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய இருவாச்சிப் பறவை வந்து இறங்கியது. பெயர் நீலமேகம். வாயிலிருந்து அத்திப்பழத்தைக் கீறலுக்குள் ஊட்டிவிட்டுப் பறந்துபோனது. உள்ளே இருந்த அலகு பழத்தை விழுங்கிவிட்டு மறுபடி நீட்டிக்கொண்டு நின்றது.

சடையாண்டிக்கு ரத்தம் கொதித்தது. மரத்தில் ஏறி, யாரம்மா உள்ளே என்று கேட்டான். உள்ளே இருந்தவள் நீலமேகத்தின் மனைவி செங்கமலம். தான் சௌக்கியமாக இருப்பதாகவும், வீட்டுக்காரர் பழம் கொண்டுவரப் போயிருப்பதாகவும், காற்று வரும் வழியில் மூஞ்சியை வைக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் புண்ணியமாகப் போகும் என்றும் பதில் சொன்னாள்.

கீழே இறங்கி வந்த சடையாண்டி தன் மனைவி மருதாயியிடம், அடைபட்டவள் பயத்தில் பொய் சொல்கிறாள் என்றான். மருதாயி வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கணவனின் சேவை போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது.

"அவளே நல்லாருக்கேன்னு சொல்றா. உனக்கு என்ன வந்துச்சு?"

"உனக்குத் தெரியாது மருதாயி. கயித்துல கிடந்தப்ப நானும் பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் சொன்னதும் உண்மைதானே!

சடையாண்டி தன் கூட்டத்தைக் கூட்டினான். சிறையை இடிக்க வேண்டும், சிறைக்காரனைப் பிடிக்க வேண்டும் என்று பேசினான். குரங்குகள் எதற்கும் ஆரவாரம் செய்யும், இதற்கும் செய்தன. எல்லாரையும்விட ஓங்கிக் கத்தியது சாந்தப்பன் என்ற மரநாய். பகலெல்லாம் சுருண்டு படுத்துத் தூங்குகிற பேர்வழி, அன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்பிள்ளை இப்படி அடைபட்டுக் கிடப்பதை நினைத்தால் தனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்றான். பறவைகள் விஷயத்தில் சாந்தப்பனுக்கு இவ்வளவு இரக்கம் உண்டு என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அத்திமரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த நீலமேகத்தைக் குரங்குகள் வளைத்துக்கொண்டன. காட்டுக்கொடியால் கட்டினார்கள். முடிச்சுப் போட்டது சடையாண்டி. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சுதான், வித்தைக்காரன் அவன் இடுப்பில் போட்ட அதே முடிச்சு. கை தானாகப் போட்டது. ஒருத்தி விடுதலைக்காக இன்னொருத்தனைக் கட்டிவைப்பது தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நீலமேகம் அலறவில்லை, திமிறவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"என்னைக் கட்டினது இருக்கட்டும். அவளுக்கு யார் சோறு கொடுப்பாங்க?"

வெளியே வந்தால் அவளே பறித்துத் தின்பாள் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைக் காவலுக்கு வைத்து, சடையாண்டி நாவல் மரத்துக்குக் கிளம்பினான். காவல்காரர்கள் உடனே அத்திப்பழத்தில் இறங்கிவிட்டார்கள். மருதாயி முணுமுணுத்துக்கொண்டே புருஷன் பின்னால் போனாள். சாந்தப்பன் இருவருக்கும் முன்பே போய் மேல்கிளையில் காத்திருந்தான்.

சுவர் கல்லாக இறுகியிருந்தது. சடையாண்டி கல்லால் தட்டினான், நகத்தால் கீறினான். கடைசியில் பல்லை வைத்துக் கடித்தான். ஒரு கட்டி பெயர்ந்து வாய்க்குள் விழுந்தது. அவன் முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"என்ன மண்ணு இது? இப்படி நாறுது?"

"மண்ணோட எச்சத்தையும் குழைச்சுப் பூசியிருக்காங்க. நல்லா மென்னு தின்னு," என்றாள் மருதாயி.

அவன் துப்பிவிட்டு மறுபடியும் கடித்தான். கொள்கைப் பிடிப்பு என்றால் அப்படி! பாதிச் சுவர் விழுந்தது. விழுந்த அதே நொடியில் உள்ளேயிருந்து அலகு பாய்ந்து அவன் மூக்கில் ஒரு போடு போட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். செங்கமலத்தின் இறக்கையில் நீள இறகு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உதிர்ந்து பொந்துக்குள் மெத்தையாகக் கிடந்தன. அந்த மெத்தையில், கண் திறக்காத ஒரு குஞ்சு வெறும் தோலோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

செங்கமலத்துக்கு வந்த கோபம் காடே கேட்டது.

"யாருடா என்னை அடைச்சது? மண்ணு கொண்டுவந்து கொடுத்தது அவரு. உள்ள உட்கார்ந்து பூசினது நான். என் புள்ள வளர்றவரைக்கும் பாம்புக்கும் பயப்படாம, மரநாய்க்கும் பயப்படாம நிம்மதியா இருக்கணும். எனக்கு அதுதான்டா விடுதலை! உன் பொண்டாட்டி வயித்துல ஒரு பாரம் தொங்குதே, அதைப் பிச்சு எறிஞ்சு முதல்ல அவளை விடுவியேன்!"

மருதாயியின் கைகள் தானாகக் குட்டியை இறுக்கிக்கொண்டன. சடையாண்டி அந்தக் கைகளையே பார்த்தான்.

அப்போது மேலே இலை சலசலத்தது. சாந்தப்பன் நாக்கால் மீசையை நக்கிக்கொண்டே இறங்கிவந்தான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க, அண்ணே. மிச்ச வேலையை நான் பார்த்துக்கறேன்."

சடையாண்டி ஓட்டையைப் பார்த்தான். உள்ளே இருப்பவளால் பறக்க முடியாது. குஞ்சால் நகரக்கூட முடியாது. சுவரை இடித்தவன் அவன். காவல் நின்றவனைக் கட்டிப்போட்டு வந்தவனும் அவன். யோசிக்க நேரமில்லை. திரும்பி, தன் பின்பக்கத்தை ஓட்டைக்குள் திணித்துக்கொண்டு சுவராக உட்கார்ந்துவிட்டான்!

பொந்தின் விளிம்பு இடுப்பைக் கவ்வியது. சரியாக அந்தப் பழைய தழும்பின் மேலேயே கவ்வியது. அவனுக்கு மூச்சு முட்டியது. உடம்பெல்லாம் ஓடு ஓடு என்றது. ஆனாலும் அவன் அசையவில்லை.

"மருதாயி, ஓடு! அந்த ஆளை அவுத்து விடு!"

மருதாயி பாய்ந்து ஓடினாள். சாந்தப்பன் முன்னால் வந்து சடையாண்டியின் கால் விரலைக் கடித்தான். விஷயம் தெரியாத செங்கமலம் பின்னாலிருந்து கொத்தினாள். முன்னாலும் அடி, பின்னாலும் அடி! கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தவளுக்கு நிலைமை புரிந்தது. கொத்துவதை நிறுத்திக்கொண்டு, வாலை மட்டும் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள், குஞ்சின் முகத்தில் படுகிறதாம்.

நீலமேகம் வந்த வேகத்தில் மரமே அதிர்ந்தது. அவன் அலகால் முதுகில் ஒரே ஒரு சாத்து வாங்கிய சாந்தப்பன் கிளை கிளையாக உருண்டு கீழே விழுந்து, நொண்டிக்கொண்டே ஓடி மறைந்தான். நீலமேகம் சடையாண்டியை ஒரு பார்வை பார்த்தான். திட்டுவதற்கு நேரமில்லை. மண் கொண்டுவரப் போய்விட்டான்.

அவன் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, செங்கமலம் உள்ளிருந்து பூசினாள். ஈர மண் சரியாமல் இருக்க வெளியே ஒரு முதுகு அண்டை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் சடையாண்டி வெளிப்பக்கமாக நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி அப்படியே உட்கார்ந்திருந்தான். நீலமேகம் மனைவிக்குப் பழம் ஊட்ட வந்தபோது, பழக்கதோஷத்தில் அவன் வாயிலும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான்.

மண் பாதி காய்ந்திருக்கும். அத்திப்பழம் தீர்ந்துபோய் குரங்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. பார்த்தால் தலைவர் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கிறார்!

"ஐயோ, தலைவரை அடைச்சுட்டாங்க! இழுங்கடா!"

நாலு பேர் கையைப் பிடித்தார்கள், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், ஒருவன் வாலைப் பிடித்துத் தொங்கினான்.

"விடுங்கடா பாவிகளா!" என்று கத்தினான் சடையாண்டி. "யாரும் அடைக்கல! நானேதான் உட்கார்ந்திருக்கேன்!"

பயத்தில் அப்படித்தான் பேசுவார் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் இன்னும் பலமாக இழுத்தார்கள். மருதாயி ஒரு குச்சியை எடுத்து எல்லாரையும் அடித்து விரட்ட வேண்டியதாயிற்று. மண் காய்ந்து முடிந்தபோது சடையாண்டியின் முதுகு முடியில் பாதி சுவரோடு போய்விட்டது.

சில வாரம் கழிந்தது. ஒருநாள் செங்கமலம் தானே சுவரைக் கொத்தி உடைத்தாள். புது இறகுகளோடு வெளியே வந்து காட்டின்மேல் ஒரு வட்டம் அடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த சடையாண்டிக்குக் கண் கலங்கியது. அப்புறம் பொந்தைப் பார்த்தான். இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு, உள்ளே உதிர்ந்து கிடந்த மண்ணைத் தன் குட்டி அலகால் குழைத்து, உடைந்த சுவரை மறுபடி பூசிக்கொண்டிருந்தது!

சடையாண்டிக்குக் கை துறுதுறுத்தது. கல் பக்கத்திலேயே கிடந்தது. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கீறல் வழியாகக் கேட்டான்.

"தம்பி, உனக்கு வெளிய வரணுமா?"

"இப்ப வேணாம், மாமா."

"சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான் சடையாண்டி.

ஒருவருக்குச் சிறையாக இருந்தது இன்னொருவருக்கு வீடாக இருக்கலாம். ஆகவே யாரையும் விடுவிக்கக் கிளம்பும் முன், அவர்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்வதை நம்பவும் வேண்டும்.