எருமை எழுந்து வராத மத்தியானம்

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசிக்கொண்டும் தங்கள் வயலைத் தாங்களே உழுது அறுத்துக்கொண்டும் இருந்த காலத்தில், எருமைகள் சேற்றுப் பக்கமே போகமாட்டா. பசுக்களோடும் காளைகளோடும் ஒரே தொழுவத்தில் இருந்தன. உடம்பில் ஒரு பொட்டுச் சேறு பட்டாலும் உடனே நக்கித் துடைத்துக்கொள்ளும். சேறு என்றால் அது பன்றிகள் சமாசாரம்.

அந்தத் தொழுவத்தில் ஆம்பல் என்று ஓர் இளம் எருமை இருந்தாள். அவளுடைய அக்கா பெயர் குவளை. குளத்தில் கால் நனைக்காத ஓர் அம்மா, இரண்டு பெண்களுக்கும் தண்ணீர்ப் பூவின் பெயராக எதற்கு வைத்தாள் என்று யாரும் கேட்டதில்லை. அந்த அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஆம்பலுக்கு உடம்பு பெரிது, குரல் சின்னது. கூட்டத்தில் யாராவது அவள் பெயரைச் சொன்னாலே இரண்டு காதுகளும் மடங்கிவிடும். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்தப் பசு எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது, எந்தக் கன்று யாருக்குத் தெரியாமல் மண்ணைத் தின்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் தன் தலைவலியையும் பார்த்து வைத்திருந்தாள்.

அது சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் காரணமே இல்லாமல் கொட்டாவி வரும். பிறகு உப்பு மண்ணை நக்க வேண்டும் போல இருக்கும். பிறகு இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளியில் செய்த முள்வேலி ஒன்று மினுமினுத்துக்கொண்டு ஊர்ந்து வந்து பாதி உலகத்தை மறைக்கும். அதற்கப்புறம் இடது கொம்பின் அடியில் யாரோ முளைக்குச்சி அடிக்கத் தொடங்குவார்கள். ஓர் அடி, இன்னோர் அடி, நாள் முழுக்க. வலது பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வெயில் ஏறினால் வலி ஏறும். கழுத்து மணி ஆடினால் வலி ஆடும்.

சொன்னால் யார் நம்புவார்கள்? ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, நொண்டலும் இல்லை. தொழுவத்திலேயே பெரிய உடம்பு வேறு.

நம்பாதவர்களும் வைத்தியம் சொல்ல மட்டும் தயங்கவில்லை.

"தண்ணி குடிச்சியா? நீ தண்ணியே குடிக்கிறதில்ல, அதான்" என்றது கோழி.

"எனக்கும்தான் வரும். நல்லா ஒரு கத்துக் கத்துவேன், போயிடும்" என்றது கழுதை. சொன்னதோடு நிற்காமல் அவள் காதருகில் கத்தியும் காட்டியது.

மரங்கொத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "உள்ள ஒரு புழு இருக்கு. ரெண்டே கொத்து. வலிக்காது."

ஆடு நொச்சி இலை கொண்டுவந்து கொடுத்தது. அதற்கு வலி கொஞ்சம் கேட்டது. நெற்றிக்கு மேல் அரைநாழிகை குளிர்ச்சி. அவ்வளவுதான்.

அது அறுப்புக் காலம். உச்சிவெயிலில்தான் கதிர் மொறுமொறுவென்று காய்ந்து மணி உதிரும் என்பதால், அந்த நேரத்தில் மாடுகளை வரிசையாகக் கழுத்தோடு கழுத்தாகத் தாம்புக் கயிற்றால் பிணைத்துக் களத்தில் சுற்றவிடுவார்கள். சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும். வெள்ளை வெளேரென்ற வைக்கோல், மணிச் சத்தம், "பொலியோ பொலி" என்ற கூச்சல். களத்துக்குத் தலைவர் மயிலைக்காளை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: மூன்று முறை களத்துக்கு வராதவர்களுக்குத் தொழுவத்தில் இடமில்லை. தொழுவத்துக்கு வெளியே என்றால் மலையடிவாரம். மலையடிவாரம் என்றால் புலி.

ஆம்பல் இரண்டு முறை வராமலிருந்துவிட்டாள்.

முதல் முறை வேப்பமரத்தடியில் முகத்தை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்துச் சிரித்தார்கள். இரண்டாம் முறை யாரும் வராத புதர்ப் பக்கம் ஒளியப்போனாள். கண் பாதி தெரியாததால் கால் இடறி, பன்றியின் குட்டைக்குள் முகம் குப்புற விழுந்தாள்.

சேறு இடது நெற்றியை மூடியது. முளை அடிப்பவன் கையை ஓங்கியபடி நின்றுவிட்டதுபோல் இருந்தது. அவள் மெல்ல உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கழுத்துவரை குளிர்ச்சி. கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது பன்றி எதிரே கிடந்தான். அவள் காதுகள் மடங்கின.

"மன்னிச்சிடு, நான்..."

"இடம் இருக்கு. கிட" என்றான் பன்றி. ஏன் என்று கேட்கவில்லை, வைத்தியமும் சொல்லவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை, யாரும் பார்ப்பதற்கு முன் உடம்பிலிருந்த சேற்றை ஒரு பொட்டு விடாமல் நக்கிவிட்டுத்தான் தொழுவத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை மயிலைக்காளையின் முன் போய் நின்றாள். பேச வேண்டியதை விடியும் முன்பிருந்தே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"தலைவரே, விடியக்காலையில வரேன். வெயில் சாஞ்சதும் வரேன். ரெண்டு பேர் பங்கை மிதிக்கிறேன். உச்சிவேளை மட்டும் என்னை விட்டுடுங்க. தலை வலிக்குது."

"எவ்வளவு தலை?"

"இடது பாதி."

மயிலைக்காளை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "பாதித் தலைதானேம்மா வலிக்குது? மீதிப் பாதியை வச்சு வேலையைப் பாரு."

தொழுவமே சிரித்தது. குவளை சிரிக்கவில்லை, அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான். எல்லாரும் பொறுத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம். உனக்கு மட்டும் என்னடி அதிசயம்? புலிக்கு இரையாகப் போறியா?"

அன்று பெரிய களம். அவளை நட்ட நடுவில் பிணைத்தார்கள்.

மூன்றாவது சுற்றில் கொட்டாவி வந்தது. ஐந்தாவது சுற்றில் வெள்ளி முள்வேலி வந்தது. எதிரே நின்று "ம், நட" என்று அதட்டிய மயிலைக்காளையின் முகம் பாதிதான் தெரிந்தது. அதுவும் நல்ல பாதியாக இல்லை. ஏழாவது சுற்றில் முதல் அடி விழுந்தது.

நடந்துகொண்டே ஆம்பல் யோசித்தாள். இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நாளைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். இப்படிச் சாகும்வரை பொறுத்துக்கொண்டு, செத்தபிறகும் 'அவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருந்தாள்' என்று பேர் வாங்கலாம். புலி ஒரு தடவைதான் கடிக்கும்.

அவள் நின்றாள். அவளோடு பிணைத்திருந்த வரிசை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. ஆம்பல் கழுத்தை ஒரே ஒரு முறை உதறினாள். தாம்புக் கயிறு அறுந்தது. அறுக்க முடியாததால் அல்ல, இத்தனை நாள் அவள் அதில் நின்றது.

அவள் ஓடவில்லை. எல்லாரும் பார்க்க, களத்தின் நடுவே மெல்ல நடந்து, புதரைத் தாண்டி, குட்டைக்குள் இறங்கினாள். தலையைச் சாய்த்து இடது கொம்புவரை சேற்றில் அமிழ்த்திக்கொண்டாள்.

பின்னாலேயே களம் முழுதும் வந்துவிட்டது. ஓரத்திலிருந்து ஆளுக்கொன்று பேசினார்கள்.

"அசிங்கம்! சேத்துல போய்..."

"சோம்பேறி!"

"தோல் தடிச்சுப்போச்சு, அவளுக்கு ஒண்ணும் உறைக்காது!"

நான்கு காளைகள் கயிறு போட்டு இழுத்தன. அவள் உடம்பைத் தளர்த்திக் கனமாக விட்டாள். கயிறு வழுக்கியது, காளைகள் பின்பக்கமாக விழுந்தன. பன்றி மட்டும் சத்தம் வராமல் சிரித்தான்.

"இதோட மூணு. இனி உனக்குத் தொழுவம் கிடையாது. கேட்டுச்சா?" என்று கத்தினார் மயிலைக்காளை.

ஆம்பல் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். குரல் வழக்கம்போலச் சின்னதுதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "கேட்டுச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தலை வலிக்குது."

வெயில் சாய்ந்தது. ஒவ்வோர் அடியாக முளை அடிப்பது ஓய்ந்தது. ஆம்பல் எழுந்து நேராகக் களத்துக்குப் போனாள். மிதிபடாத கதிர் இன்னும் பாதிக் களத்துக்குக் கிடந்தது. "இப்ப மிதிக்கிறேன்" என்றாள். மயிலைக்காளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி" என்று ஆம்பல் திரும்பிக் குட்டைக் கரைக்கே வந்து படுத்தாள். இந்த முறை உடம்பிலிருந்த சேற்றை நக்கவில்லை. அது அங்கேயே காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

மலையடிவாரத்தில் மயில்கள் அகவத் தொடங்கின. புலி இறங்கும் நேரம். புதர் அசைந்தது. ஆம்பல் கொம்பைத் தாழ்த்தி எழுந்தாள்.

வந்தது குவளை. தங்கையைத் தாண்டிப்போய்க் குட்டையில் இறங்கி, வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சேற்றில் வைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அக்கா?"

"எனக்கு வலது பக்கம்" என்றாள் குவளை. "உன் வயசுல ஆரம்பிச்சுது."

"ஒரு நாளும் சொல்லலையே?"

"யாருகிட்டச் சொல்ல? நீ சொன்ன, என்ன கிடைச்சுது?" தலையை இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் அழுத்தினாள். பிறகு, "அம்மா தினமும் மத்தியானம் அந்தக் கல்தொட்டியில நெத்தியை வச்சுக்கிட்டு நிப்பாளே, எதுக்குன்னு நினைச்ச?" என்றாள்.

ஆம்பலுக்கு அந்தக் கல்தொட்டி ஞாபகம் வந்தது. அதன் விளிம்பில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். எல்லாவற்றையும் பார்க்கும் அவள் அதைப் பார்த்திருந்தாள். பார்த்தும் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் இன்னும் மூன்று எருமைகள் வந்தன. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு ஒன்றுமில்லை. சும்மா அவர்களோடு இருக்க வந்தாளாம். புலி வந்தது. கரையில் சேறு பூசிய ஐந்து ஜோடிக் கொம்புகள் தன் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்தது. வேறு வேலை இருப்பதுபோல் போய்விட்டது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் மயிலைக்காளையே வந்து கரையில் நின்றார். எருமைகளின் கனம் இல்லாத களத்தில் கதிரிலிருந்து மணி உதிரவில்லை. சேறு குளம்பில் படாமல் ஒதுங்கி நின்றுகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"சரி. எப்ப வருவீங்க?"

"வெயில் சாயட்டும்" என்றாள் ஆம்பல்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஆம்பலின் தலைவலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. அவள் இருந்தவரை அதுவும் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் அவள் அதற்காக ஒளியவில்லை. அன்று முதல்தான் உச்சிவெயிலில் எருமைகள் குட்டையில் இறங்கி, அரைக்கண் மூடிக் கழுத்துவரை கிடக்கின்றன. கல்லெறிந்தாலும் கத்தினாலும் தங்களுக்குச் சரிப்பட்டால்தான் எழுகின்றன. கரையில் நின்று யாராவது 'இதுக்கு எதுவும் உறைக்காது' என்று சொன்னால், அது அவற்றுக்கு நன்றாகக் கேட்கிறது. ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாக அமிழ்ந்துகொள்கின்றன.