கொற்றக்குடையில் தொங்கிய மைக்குகள்

செங்கழனி நாட்டில் ராஜாவும் இருந்தார், மின்சாரமும் இருந்தது. இரண்டும் தேவைப்படும் நேரத்தில் காணாமற்போகும் என்பதுதான் குடிமக்களின் குறை.

ராஜா வீரகேதுப் பூபதி தம்மைப் பெரிய ரசிகர் என்று நம்பினார். கச்சேரியில் தலையை ஆட்டுவார். வேறு ஆதாரம் கிடையாது. அவருடைய சபையில் ஒலிப்பதிவைக் கவனித்தவள் குழல்வாய்மொழி. அவள் நாக்குக்கு அஞ்சி, மந்திரிகள் அவள் எதிரே வந்தால் வேறு தாழ்வாரத்தில் திரும்பிவிடுவார்கள்.

அந்த ஆண்டு மூத்த பாட்டு வித்வான் காளத்தியப்பர் சபையில் பாட ஒப்புக்கொண்டார். இதுவே கடைசிக் கச்சேரி, இனி வீட்டைவிட்டு எங்கும் வருவதில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே பதிவு பிசகக் கூடாது. இடமும் வலமும் பிரிந்து, எதிரே அமர்ந்து கேட்பதுபோல ஸ்டீரியோவில் அமைய வேண்டும்.

குழல்வாய்மொழி இரண்டு கண்டென்சர் மைக்குகளைத் தேர்ந்தெடுத்தாள். பென்சிலைவிடச் சற்றே தடித்தவை, விலையும் சொற்பம். சொற்பம் என்பதற்காக அவள் கையில் கிடைத்ததை எடுத்துவிடவில்லை. மூடிய அறையில் ஒவ்வொன்றும் தானாக எழுப்பும் இரைச்சலைக் கேட்டாள். ஒவ்வொன்றின் முன்னும் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். இரண்டு காதும் ஒரே ஆளுடையவையாக இருப்பதுபோல, ஒரே மாதிரி கேட்கிற ஜோடி அகப்படும்வரை மற்றவற்றைக் கடைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

இசை மந்திரி தாண்டவராயருக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனர் தங்கமுலாம் பூசிய பெரிய மைக்குகளை விற்றுவந்தார்.

"அரசே, மலிவான மைக்கில் பாடினால் வித்வானின் குரலும் மலிவாகிவிடும். இவற்றைப் பார்த்தால் வெற்றிலை இடிக்கும் உலக்கைபோல இருக்கிறது" என்றார்.

யானைகளுக்கு நீச்சல்குளம் கட்டிக் கஜானா காலியாகியிருந்ததால் ராஜாவுக்கு மலிவு பிடித்திருந்தது. மந்திரியின் முகவாட்டமும் அவரை உறுத்தியது. ஆகவே நீதிமான்போல ஓர் ஆணை பிறப்பித்தார்.

"குழல்வாய்மொழி, என் ஆசனத்தில் என் காதில் எது விழுகிறதோ அதுவே பதிவில் இருக்க வேண்டும். ஒன்றும் விடுபடக் கூடாது, ஒன்றும் கூடவும் கூடாது. பிசகினால் நீ நாட்டைவிட்டுப் போ. வேறு மைக்குகளைத் தாண்டவராயர் தம் மைத்துனரிடம் வாங்கிக்கொள்வார்."

"ஒன்றும் விடுபடக் கூடாது. அப்படித்தானே, அரசே?"

"அப்படித்தான்."

கச்சேரியன்று அவள் ஆசனத்தருகே உயரமான ஸ்டாண்டை நிறுத்தினாள். தாண்டவராயர் இதற்காகவே காத்திருந்தார். ராஜாவின் மகுடத்தைவிட உயரமாகச் சபையில் எதுவும் நிற்கக் கூடாது என்பது பரம்பரை வழக்கம். ஸ்டாண்ட் அப்புறப்படுத்தப்பட்டது. தாழ வைத்தால் முன்வரிசையின் இருமல்தான் பதிவாகும்.

அவள் சபையைச் சுற்றிலும் பார்த்தாள். மகுடத்துக்கு மேலே இருக்க அனுமதி பெற்ற பொருள் ஒன்றே ஒன்றுதான்: வெண்கொற்றக்குடை. அதன் முன் விளிம்பில், காதுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியில், ஒன்று சற்று இடமாகவும் மற்றொன்று சற்று வலமாகவும் பார்க்கும்படி இரண்டு மைக்குகளையும் கட்டித் தொங்கவிட்டாள்.

"இதென்ன?" என்றார் தாண்டவராயர்.

"குடைக்குக் குஞ்சம்."

"குஞ்சத்துக்கு வயர் எதற்கு?"

"காற்றில் பறக்காமல் இருக்க."

குஞ்சத்தைத் தடுக்கும் வழக்கம் எதுவும் அவருக்கு நினைவில் வரவில்லை.

மறுநாள் சபை கூடியது. காளத்தியப்பரும் பக்கவாத்தியக்காரர்களும் வந்திருந்தார்கள். குழல்வாய்மொழி இருபுறமும் ஒலிபெருக்கிகளை வைத்துப் பதிவை ஓடவிட்டாள். இடப்பக்கம் மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கும் சத்தம். வலப்பக்கம் தந்தியை இறுக்க வயலினின் பிருடையைத் திருகும் சத்தம். கண்ணை மூடினால் ஆளைத் தொட்டுவிடலாம்போல இருந்தது.

அடுத்து, இடப்பக்கத்திலிருந்து தாண்டவராயரின் கிசுகிசுப்பு தெளிவாக எழுந்தது.

"அரசே, இது அபூர்வமான தாளம். கல்லாலேயே வாசிக்கிறான் பாருங்கள்."

நடுவிலிருந்து ராஜாவின் குரல்: "எனக்கும் அப்படித்தான் தோன்றியது."

மிருதங்கக்காரர் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். பதிவில் காளத்தியப்பர் ஆலாபனையைத் தொடங்கினார். கூடவே ராஜாவின் குறட்டையும் தொடங்கியது. கீழ் ஷட்ஜத்தில் நிலைத்து, ஆலாபனை முழுவதும் பிசகாமல் துணை நின்றது. மங்களம் முடிந்ததும் ராஜாவின் குரல் மறுபடி கேட்டது: "முடிந்துவிட்டதா? அற்புதம்."

சபையில் எவரும் எவரையும் பார்க்கவில்லை.

"குறட்டையை எடுத்துவிடு" என்றார் ராஜா.

"ஒன்றும் விடுபடக் கூடாது என்பது தங்கள் ஆணை."

தாண்டவராயர் பாய்ந்து முன்னே வந்தார். "அரசே, இது மலிவான மைக்கின் கோளாறு. என் மைத்துனரின் மைக்கில் இப்படியெல்லாம் கேட்காது."

ராஜா நம்பிக்கையோடு அவளைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைதான், அரசே. விலை உயர்ந்தவை அரண்மனைக்குப் பழகியவை. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டும் கேளாததுபோல இருக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். இவை ஏழைகள். கேட்டதைச் சொல்லிவிட்டன."

முதலில் சிரித்தவர் காளத்தியப்பர். கிழவர் சிரித்தபின் ராஜாவுக்கு வேறு வழியில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணை நிறைவேறியது என்று ஒப்புக்கொண்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"காளத்தியப்பர் இன்னொரு முறை பாட வேண்டும். அன்று குடை அவர் எதிரே நிற்க வேண்டும், கீழே யாரும் இல்லாமல்" என்றாள்.

"குறட்டை இல்லாவிட்டால் பாடுகிறேன். என் பாட்டை நானும் கேட்க வேண்டாமா?" என்றார் கிழவர்.

அந்தக் கச்சேரியில் தாண்டவராயருக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. சுருதி சேர்த்து முடிந்து பாட்டு தொடங்கியதும் ராஜாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுச் சொல்லலாம் என்று குழல்வாய்மொழியே அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.