கீழே அடுப்பெரிக்கிறவர்

கொம்பேறிப்பட்டியில் கரண்ட் கிடையாது. அதனால் வெயிலுமுத்துவுக்குக் கல்யாணமும் கிடையாது. "உங்க ஊர்ல வெளக்கு எரியட்டும், பொண்ணு தர்றேன்" என்று பெண்ணைப் பெற்றவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஓர் இன்ஜினீயர் வந்து ஊர்ப் பொட்டலில் ஆழமாகத் துளை போட்டார்.

"பூமிக்குள்ள நல்ல சூடு இருக்கு. அந்த ஆவியிலயே கரண்ட் எடுத்துடலாம், துளிகூட புகை வராது. நான் மிஷினோட வர்ற வரைக்கும் சூடு குறையாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூடு போனால் பெண்ணும் போச்சே! வெயிலுமுத்து ஊரைக் கூட்டினான்.

"கம்பளி போத்துவோம்" என்றார் ஒச்சப்பன்.

"பூமிக்கு வேர்க்குமேய்யா" என்றார் தவசி. அது நியாயமாகப் பட்டது.

கடைசியில் வெந்நீர் ஊற்றுவதென்று முடிவாயிற்று. இன்ஜினீயர் வராத எட்டு நாளும் அண்டா அண்டாவாக ஊற்றினார்கள். விறகு தீர்ந்ததும் கட்டில், கதவு, ஏர் எல்லாம் அடுப்புக்குள் போயின. ஊரில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத அளவுக்குப் புகை.

இன்ஜினீயர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "லட்சக்கணக்கான வருஷமாக் கீழ கொதிச்சுக்கிட்டே இருக்குய்யா! உங்க வெந்நீர் எதுக்கு?"

ஊர்க்காரர்கள் குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப கீழ யாரோ அடுப்பெரிக்கிறாரு" என்றார் தவசி.

"ஒருநாள்கூட லீவு எடுக்காம!" என்றார் ஒச்சப்பன்.

"சாப்டாரோ என்னவோ?"

வெயிலுமுத்து ஓடிப்போய், சாப்பாட்டுக் கேரியரில் தயிர்சாதம் வைத்துக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். அரைமணி கழித்து இழுத்தால், தயிர்சாதம் ஆவி பறக்க வந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தான் ஒரு வாய் சாப்பிடாம, நமக்குச் சூடு பண்ணி அனுப்பியிருக்காரே!"

மிஷின் ஓடியது, விளக்கு எரிந்தது, கல்யாணமும் நிச்சயமானது. முதல் பத்திரிகையை வெற்றிலைபாக்கோடு துளையில் இறக்கிய குழாய்க்குப் பக்கத்தில் வைத்து, "நீங்க கண்டிப்பா வரணும்" என்று வெயிலுமுத்து கத்திவிட்டு வந்தான்.

விடியுமுன் வைத்த முகூர்த்தத்துக்கு ஊரிலுள்ள பல்பையெல்லாம் கழற்றிக்கொண்டுவந்து பந்தலில் மாட்டினார்கள். தாலியைக் கையில் எடுத்த நேரம், அத்தனையும் பொசுக்கென்று அணைந்தன. மாமனார் துள்ளிக் குதித்து எழுந்தார்.

"எங்கடா வெளக்கு? எந்திரிம்மா, போலாம்!"

இருட்டில் வெயிலுமுத்துவின் குரல் சந்தோஷத்தில் தழுதழுத்தது.

"கோவப்படாதீங்க மாமா! அவரு அடுப்பை அணைச்சிட்டுக் கெளம்பிட்டாரு. பந்தியில ஒரு எலை கூடப் போடச் சொல்லுங்க!"