தூக்குப்போசி பின்னால போன பரிசல்

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு அக்கா இருந்தாளாம், அந்தப் பக்கம் ஒரு ஊர்ல அவ தங்கச்சி இருந்தாளாம். அக்கா பேரு பாவாயி, தங்கச்சி பேரு ராமாயி. ம் சொல்லு கண்ணு, அப்பத்தான் கதை நகரும்.

ம்.

ராமாயிக்கு வயித்துல பாப்பா. அடுத்த மாசம் வளைகாப்பு. அம்மா இல்லாத பொண்ணுங்க, அதனால மொத வளையலை அக்காதான் போடணும். அக்கா வராம நான் கையை நீட்டவே மாட்டேன்னு ராமாயி சொல்லி அனுப்பிட்டா. ஆனா ஆத்தைத் தாண்டணுமே? பரிசல் ஓட்டற மாதப்பன் அன்னிக்குப் பாத்து மச்சான் கல்யாணத்துக்குப் போறாராம். "பரிசல் சும்மாதான் கெடக்கும், நீயே ஓட்டிட்டுப் போயேன்"னு கேலி பண்ணினாரு. பாவாயி, "சரிங்கண்ணா"ன்னுட்டா. கேலியை நெசமாவே எடுத்துக்கிட்டா. அவ அப்படித்தான், எனக்கு அவளை ரொம்பப் புடிக்கும்.

பரிசல்னா தெரியுமில்ல? மூங்கில்ல பின்னின பெரிய வட்டக் கூடை, அடியில தாரு பூசியிருக்கும். எந்தப் பக்கம் முன்னாடி, எந்தப் பக்கம் பின்னாடின்னு அதுக்கே தெரியாது.

அப்புறம் மாதப்பன் பரிசலைச் சும்மா கட்டிப் போட்ட நேரமாப் பாத்து ஓட்டிப் பழகப் போனா. மொத நாளு பாவாயி ஏறி உக்காந்து, ஓரமா துடுப்பைப் போட்டா. கிர்ர்ருனு சுத்துச்சு. அந்த ஓரமா போட்டா, அந்தப் பக்கமா கிர்ர்ரு. இருந்த எடத்தை விட்டு ஒரு முழம் நகரல. கரையில துணி தொவைச்சவங்க, "ஆட்டாங்கல்லு கொழவியாட்டம் சுத்தறியே, மாவு ஆச்சா பாவாயி?"ன்னு கேட்டாங்க. அவ எறங்கி நேரா நடக்க முடியாம, தள்ளாடிப் போயி புங்க மரத்துல ணங்குனு முட்டிக்கிட்டா.

சிரிக்காத, பாவம் அவ. சரி, சிரிச்சுக்கோ.

மறுநாளும் போனா, கிர்ர்ரு. அதுக்கு மறுநாளும் கிர்ர்ரு. ஒரு நாள் வீட்டுக்கு வந்து அழுதா. அழுது முடிச்சு, சோறு தின்னுட்டு, காலையில திரும்பவும் போயிட்டா.

அப்போ ஒரு நாள் என்னாச்சு, பரிசல் சுத்தின சுத்துல அவளோட தூக்குப்போசி பொளக்குனு தண்ணியில விழுந்து மெதந்து போச்சு. உள்ளே பழைய சோறும் மாங்கா ஊறுகாயும். பசி வேற. போசி போன பக்கமா மண்டி போட்டு, துடுப்பால தண்ணியைத் தன் பக்கமா, வா வான்னு வழிச்சு இழுத்தா. போசி வரல. பரிசல் போசிகிட்ட போச்சு. சளக்கு, சளக்கு, நேரா! ஓரமா துடுப்பைப் போட்டுத் தள்ளக் கூடாது, போற பக்கம் பாத்து உக்காந்து முன்னாடி இருந்து இழுக்கணும்னு அப்பத்தான் புரிஞ்சுது. பாவாயி பசியை மறந்து, பொழுது சாயற வரைக்கும் இழுத்துக்கிட்டே கெடந்தா. அப்புறம் தெனமும் அதே வேலைதான்.

என்ன, ம் காணோம்?

ம்... வளையல் போட்டாளா?

இரு, வரேன். வளைகாப்பு அன்னிக்குக் காலையில வளையலை மடியில கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. சளக்கு, சளக்கு. நடு ஆத்துல ஒரு சுழி, பரிசலைப் புடிச்சு கிர்ர்ருனு சுத்துச்சு. அக்கரையில நின்ன ராமாயி, "அக்கா!"ன்னு கத்திட்டா. ஆனா பாவாயிக்குப் பயமே வரல. எத்தனை நாளு சுத்தினவ அவ? கரைப் பக்கம் திரும்பறப்பல்லாம் ஒரு இழுப்பு. சளக்கு. இன்னொரு சுத்து, இன்னொரு இழுப்பு. சளக்கு. மூணாவது இழுப்புல வெளிய வந்துட்டா.

அப்புறம் ராமாயி கையை நீட்டினா, பாவாயி மொத வளையலைப் போட்டா. கலகலன்னு சத்தம். ராமாயி அக்கா கையைத் திருப்பிப் பாத்தா, உள்ளங்கையெல்லாம் காய்ச்சுப் போயி கெடந்துச்சு. அவளுக்குக் கண்ணு ததும்பிடுச்சு. "பாப்பா பொறந்ததும் வருவியாக்கா? மாதப்பண்ணன் கூட்டிட்டு வருவாரா?"ன்னு கேட்டா.

"அவரு எதுக்குடி? எனக்கு உன்னைப் பாக்கணும்னு தோணினா வந்துடுவேன்"னா பாவாயி.

அக்கா கரை சேந்தா, கதையும் கரை சேந்துச்சு. கண்ணை மூடிக்கோ சாமி.