போர்டிகோவில் இரண்டாவது நாற்காலி

ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தியானம் சொல்லித் தருகிறவர் சிவகாமி அம்மா. வயது நாற்பதுதான். அவருடைய சீடர் ரிட்டையர்டு ஓவர்சியர் அருணகிரிக்கு அறுபத்தாறு. குருவைவிட சிஷ்யனுக்கு நரை அதிகம் என்று ஊரில் கேலி உண்டு. மனிதர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் கோபத்தோடு வந்தார். அவர் பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில் மனைவி மங்கையர்க்கரசி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலை பத்து மணிக்கு விழுந்தவர், இவர் திரும்பி வந்த மூன்று மணிவரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். நல்லகாலம், கணுக்காலோடு போயிற்று.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சும்மா அவளுக்கு. சுத்தி வீடு. ஒரு ஆள் எட்டிப் பாக்கல. வீட்டை வித்துட்டு எங்கயாவது போயிடலாமா?"

வீட்டு முன்னால் போர்டிகோ இருக்கிறதா என்று அம்மா கேட்டார். இருக்கிறது, தானே கூட நின்று கட்டியது என்றார். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதில் உட்காருங்கள், விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம் உட்கார்ந்தார். ஒருத்தரும் பேசவில்லை என்று மறுபடி வந்து நின்றார்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவே அந்தத் தெருவுக்குப் போனார். போர்டிகோவைச் சுற்றி ஆளுயரக் கிரில், அதில் ஒரு பெரிய பூட்டு. உள்ளே உறை போட்ட கார். காருக்குப் பின்னால் அருணகிரி, முகத்தை மறைத்து விரித்த பேப்பர். சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்துதான் இருந்தார், பாவம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காரை வெளியே வேப்பமரத்தடியில் விடச் சொன்னார். பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். பூட்டைக் கழற்றித் தம் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு நாற்காலி போட்டு மங்கையர்க்கரசியை உட்காரவைத்து, முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னார்.

பால் வாங்கப் போன எதிர்வீட்டு ரெஜினா, கட்டுப் போட்ட காலைப் பார்த்து நின்றாள். என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. அன்றைக்குச் சத்தம் கேட்டதாம். யார் வீட்டு டிவியோ என்று இருந்துவிட்டாளாம்.

"உங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதேக்கா," என்றாள்.

அருணகிரிக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரெஜினா படியில் உட்கார்ந்து ஒரு கை கீரையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அருணகிரி கொட்டகைக்கு வந்தார், பூட்டைத் திருப்பிக் கேட்க.

"நேத்து அவளுக்குத் தலைவலி, வெளிய வரல. நானும் கண் அசந்துட்டேன். கால் மணி நேரத்துல நாலு பேர் காலிங்பெல் அடிச்சுட்டாங்க. ரெஜினா ஜன்னலையே தட்டுது, அக்கா எங்கன்னு. நிம்மதியாத் தூங்க விடமாட்டேங்கறாங்க. பெரிய தொந்தரவும்மா."

அம்மா பையிலிருந்து பூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்தத் தொந்தரவு அன்னைக்குப் பத்தே காலுக்கு வந்திருந்தா, ஐயா?"

அருணகிரி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.