வெட்டுக்கிளி காட்டிய ஈரம்

வெகு காலத்துக்கு முந்தி நெடுங்குன்ற நாட்டைக் குலோத்தமன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் ஆட்சியில் மழையும் பொய்த்துவிட்டால் குடிகள் எங்கே போவார்கள்?

மலைச்சுனையிலிருந்து சுடுமண் குழாய் வழியாக ஊர்க்குளத்துக்கு வந்த தண்ணீரும் நின்றுபோயிற்று. "சுனையே வற்றிவிட்டது" என்று நீர் அதிகாரி கோனேரி கையை விரித்தான். வீட்டுக்கு வீடு மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அமைச்சர் உலகநாதர் தெருத்தெருவாகப் போய், "கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது செய்கிறேன்" என்று கெஞ்சினார். என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. அரண்மனைத் தோட்டக்காரர்களை அனுப்பிக் குளத்தைத் தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்டப் புழுதிதான் வந்தது.

ஒருநாள் தோட்டத்தின் மேற்கு மூலையில் உலாவிய ராஜாவின் மீசையில் ஒரு வெட்டுக்கிளி தாவி உட்கார்ந்தது. ராஜா கத்திய கத்தலில் சபையே ஓடிவந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா," என்றான் கோனேரி. அமைச்சர் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். "தோட்டக்காரர்களை அமைச்சர் குளம் தோண்ட அனுப்பிவிட்டார். இங்கே களை மண்டி, பூச்சி குடியேறிவிட்டது. தங்கள் மீசைக்கே இந்தக் கதி."

"உலகநாதரே, பொழுது சாய்வதற்குள் இங்கே ஒரு புல்கூட இருக்கக்கூடாது. நீரே பிடுங்க வேண்டும். மிச்சமிருந்தால் உமக்குப் பதவி இல்லை," என்றான் ராஜா.

"வேரோடு, மகாராஜா. வேர் மிஞ்சினால் மறுபடி முளைக்கும்," என்று கோனேரி எடுத்துக்கொடுத்தான்.

உலகநாதர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு கோரை. அதில் கொழுகொழுவென்று வெட்டுக்கிளிகள். நாடே சருகாய்க் கிடக்கும்போது இவற்றுக்கு ஏது இந்தச் செழிப்பு? குனிந்து மண்ணைத் தொட்டார். விரலில் ஈரம் ஒட்டியது. அவருக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். இங்கே தண்ணீர் இருக்கிறது, சுனை வற்றவில்லை என்று சொன்னால் ஏதாவது சமாதானம் சொல்லக் கோனேரிக்கு நேரமாகாது. அதை நம்ப ராஜாவுக்கும் நேரமாகாது.

"உத்தரவு மகாராஜா. ஆனால் கோரை வேர் பொல்லாதது. அது எங்கே போனாலும் தோண்டுவேன். என் மண்வெட்டியை யார் தடுத்தாலும் அவர் நாட்டைவிட்டே போகவேண்டும்."

"வாக்குக் கொடுங்கள் மகாராஜா," என்று சிரித்தான் கோனேரி. "இவர் இடுப்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்."

ராஜா வாக்குக் கொடுத்தான்.

வெயில் ஏறியது. சபையார் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். அமைச்சர் வழுக்கி விழும்போதெல்லாம் ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். இவனைச் சிரிக்கவைத்தே என் ஆயுள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே உலகநாதர் வெட்டினார். முழங்கால் ஆழத்தில் ஒரு குழாய் தெரிந்தது. அதன் மூட்டு விரிசல் விட்டிருந்தது, விரிசலுக்குள் கோரை வேர் புகுந்திருந்தது. அவர் குழாயோடே தோண்டிக்கொண்டு போனார். கோனேரியின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

குழாய் மதிலைத் தாண்டி, ஒரு வெற்றிலைக் கொடிக்காலின் வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. ராஜாவும் சபையாரும் பின்னாலேயே வந்தார்கள். கோனேரி முன்னால் பாய்ந்து மண்வெட்டியைப் பிடித்தான்.

"போதும் ஐயா. இது என் சொந்த இடம்."

வேலிக்குள்ளே, ஊர்க்குளத்துக்கு வரவேண்டிய தண்ணீர் கொடிகளுக்குப் பாயும் சத்தம் கேட்டது.

ராஜாவுக்கு வந்த கோபத்தில் கோனேரியின் தலைப்பாகை அங்கேயே பறிபோனது. அவனை வெறுந்தலையோடு எல்லைக்கு நடத்திப் போனார்கள். ஆட்கள் குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பினார்கள். சேறு படிந்த வேட்டியோடு உலகநாதர் ஊருக்குள் ஓடினார்.

"தண்ணீர் வந்துவிட்டது," என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எந்தக் கதவும் திறக்கவில்லை. தெருவில் வண்டிச் சக்கரத் தடம் புதிதாகக் கிடந்தது. அவர் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எஞ்சியிருந்தவர்களும் போயிருக்கிறார்கள். அவர் குளக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராஜா பல்லக்கில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான். "பலே உலகநாதரே, உம் புத்திக்குப் பாதி நாட்டைக் கேட்டாலும் தருகிறேன். கேளும்."

"தண்ணீர் இருக்கிறது மகாராஜா," என்றார் உலகநாதர். "குடிக்க ஆள் கொடுங்கள்."